முள்ளுக்கரண்டியும் சஹனும்

'மைண்ட் யுவர் மேனர்ஸ்' என்ற தொடர் 2022 நவம்பரில் நெட்பிளிக்ஸில் வெளியானது. ஆறு அத்தியாயங்கள்; அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரம்; கற்பிப்பவர் சாரா ஜேன் ஹோ என்ற சீனப் பெண்மணி. ஹார்வார்ட் வணிகக் கல்லூரியில் படித்துவிட்டு, சுவிட்சர்லாந்தின் வில்லா பியர்ஃபே என்ற பாடசாலையில் மேற்குலக மேட்டுக்குடியின் நடையுடை பாவனைகளைக் கற்றுக்கொண்டு, 2013இல் பெய்ஜிங்கில் சொந்தமாகவே ஒரு பாடசாலையைத் தொடங்கியவர். பழக்கவழக்கம் சரியில்லை என்று கருதப்படும் ஒருவர் ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவரிடம் வருவார். உட்காருவது, பேசுவது, உடுப்பது, உண்பது எல்லாம் திருத்தப்பட்டு, முடிவில் புதிய மனிதராய்ச் சபையேறுவார்.

இந்த வகைக்கு ஒரு பழைய வடிவம் உண்டு. 2005இல் பிரித்தானியாவின் ஐ.டி.வி. 'லாடெட் டு லேடி' என்றொரு தொடரைக் காட்டியது. குடியும் கூத்துமாகத் திரியும் இளம் பெண்களை டர்ஹாம் பிரதேசத்தின் எக்ல்ஸ்டன் ஹோல் மாளிகைக்குக் கூட்டிவந்து, சமையல், தையல், பூ அடுக்குதல், உச்சரிப்பு என்று ஐந்து வாரம் பழக்கினார்கள். வாரம் ஒருத்தியை வெளியேற்றினார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களது ஊர்ப்பேச்சே அங்கு முதற் குற்றமாயிற்று. பார்வையாளருக்குக் கிடைத்த இன்பம், அவர்கள் சீமாட்டிகளாக மாறியதைக் கண்டதிலா, மாறத் தெரியாமல் தடுமாறியதைக் கண்டதிலா? இரண்டாவதில்தான் என்பது என் எண்ணம்.

பதினேழு வருட இடைவெளியில் தொனி மாறியிருக்கிறது. சாரா ஜேன் ஹோ யாரையும் அதட்டுவதில்லை, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். மரியாதை என்பது பிறருக்கு இதமாக நடப்பதுதான், கரண்டி பிடிப்பது அதற்குப் பிறகு என்பதையும் சொல்கிறார். இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெளியேற்றும் தண்டனை இங்கு இல்லை, ஆசிரியை மாணவருக்குத் தோழியாக நிற்கிறார். இருந்தும், பிரதியின் அடிக்கட்டுமானம் அப்படியேதான் இருக்கிறது. உருமாற்ற நிகழ்ச்சிக்கு 'முன்னர்' என்றொரு படம் வேண்டும், அந்தப் படம் அசிங்கமாக இருக்கவும் வேண்டும். ஒருவரது வாழ்வின் இருபது முப்பது வருடங்கள் முதற் சில நிமிடங்களிலேயே குறைபாடாகச் சுருக்கப்படுகின்றன. அன்பாகச் சுருக்கினாலும் சுருக்கம் சுருக்கம்தான். அதற்கு மேலாக, மரியாதை ஒருவகை மூலதனமாகவும் ஆகிவிடுகிறது. நன்றாக நடந்துகொண்டால் தன்னம்பிக்கை வரும், வாய்ப்பு வரும், நல்ல துணை வரும் என்று கணக்கு ஓடுகிறது. எதிரே இருப்பவர் அந்தக் கணக்கில் ஒரு கண்ணாடி மட்டும்தான்.

எந்த நடத்தை மரியாதை என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு இத்தொடரில் இடமில்லை. நோர்பர்ட் எலியாஸ் 1939இல் வெளியிட்ட நாகரிகமடைதல் பற்றிய நூலில் முள்ளுக்கரண்டியின் கதையைச் சொல்கிறார். 11ஆம் நூற்றாண்டு வெனிஸில், கிரேக்க தேசத்து இளவரசி ஒருத்தி இரண்டு முள்ளுள்ள பொற்கரண்டியால் உணவை எடுத்து உண்டாள். கடவுள் கொடுத்த விரல்களை அவமதித்தாள் என்று பாதிரிமார் பொங்கினார்கள். அதே ஐரோப்பாதான் சில நூற்றாண்டுகள் கழித்துக் கையால் உண்பவரைக் காட்டுமிராண்டி என்றது. அசைவுகள் கீழிருந்து மேலே போகவில்லை, அரசவையிலிருந்து கீழே இறங்கின என்பது எலியாஸின் வாதம். கீழே இருப்பவன் அதைக் கற்று முடிக்கும்போது மேலே இருப்பவன் வேறொன்றுக்கு மாறிவிடுவான்.

இதற்கு வெனிஸ் வரை போகத் தேவையில்லை. நமது சரித்திரத்திலேயே இதைவிடக் கூர்மையான சம்பவம் இருக்கிறது. 1905இல் எம்.சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி துருக்கித் தொப்பியும் சப்பாத்தும் அணிந்து உயர் நீதிமன்றத்தில் நின்றபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்கவில்லை. வெள்ளைக்காரனின் மரியாதை தொப்பியைக் கழற்றுவது. சுதேசியின் மரியாதை என்று வெள்ளைக்காரன் வகுத்திருந்தது செருப்பைக் கழற்றுவது. தலையை மூடினால் பாதத்தைத் திற, பாதத்தை மூடினால் தலையைத் திற என்பதே தீர்ப்பின் சாரம். இரண்டையும் மூடிக்கொண்டு நின்ற முஸ்லிம் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. அந்த வருடம் முடியும் தறுவாயில் மருதானையில் பெருங்கூட்டம் திரண்டது. தொப்பியோடு வாதாடும் உரிமை கடைசியில் கிடைத்தது. தொப்பியே நமக்கு இரவல்தான், 1883 முதல் 1901 வரை இங்கு நாடுகடத்தப்பட்டிருந்த ஒறாபி பாஷாவின் காலத்தில் பரவியது என்பது வேறு கதை. இரவல் தொப்பிக்காகவும் மானம் போகும் என்பதை அன்றைய மனிதர்கள் அறிந்திருந்தார்கள். 2018இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவை விட்டுச் சேலைக்கு மாறச் சொன்னபோதும் பேசப்பட்டது பாடசாலையின் பண்பாடு என்ற மொழியில்தான். மரியாதை கற்பிக்கிறேன் என்று ஒருவர் வரும்போது நமக்கு உள்ளூர ஒரு கூச்சம் ஏற்படுவதில் நியாயம் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக ஒரு குறுக்கு வழியில் இறங்குவார்கள். ஸ்பெயினின் ஸிர்யாபை இழுத்துவந்து, ஐரோப்பாவுக்கு மேசை ஒழுங்கைக் கற்றுக்கொடுத்ததே நாங்கள்தான் என்று மேடையில் மார்தட்டுவார்கள். யார் முதலில் என்ற ஓட்டப் பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. அதபு என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அரபியில் அது நன்னடத்தையையும் குறிக்கும், இலக்கியத்தையும் குறிக்கும். நமது ஊரில் 'அதபில்லாத புள்ள' என்று ஏசும் உம்மாவுக்கு இந்த இரண்டாவது பொருள் தெரியாது. ஆனால் அவர் சொல்வது கரண்டி பிடிப்பதைப் பற்றியல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் இரண்டாம் பகுதி உண்ணும் ஒழுக்கத்தோடுதான் தொடங்குகிறது. கை கழுவுவது, உட்காருவது, கூட உண்பவரின் கவளத்தை உற்றுப் பாராமலிருப்பது, உணவில் குறை சொல்லாமலிருப்பது என்று நுணுக்கமாகப் போகும் நூல் அது. விருந்தாளிக்காகக் கடன்பட்டு உன்னை வருத்திக்கொள்ளாதே என்கிறது. செல்வந்தரை மட்டும் அழைத்து ஏழையைத் தவிர்க்கும் வலீமா விருந்தைக் கண்டிக்கிறது. நெட்பிளிக்ஸ் தொடரோடு ஒப்பிட்டால், இங்கு விதிகள் தன்னை உயர்த்திக்கொள்ள அல்ல, தன் கையை அடக்கிக்கொள்ள வருகின்றன. நபி (ஸல்) அவர்களோடு ஒரே தட்டில் உண்ட சிறுவன் உமர் இப்னு அபீ ஸலமாவின் கை தட்டெங்கும் அலைந்தபோது, தன் பக்கத்திலிருந்து உண்ணும்படி அவனுக்குச் சொல்லப்பட்ட சம்பவம் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் பாடம். திருத்தப்பட்டது உண்மை. ஆனால் அந்தத் தட்டு அவனிடமிருந்து பறிக்கப்படவில்லை. நமக்கு அது தெரியவந்ததும் அவரே பிற்காலத்தில் சொன்னதால்தான். படம் பிடித்து ஊருக்குக் காட்டுவதற்கும் அதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நம்மை நாமே மெச்சிக்கொண்டு எழுந்துவிடவும் முடியாது. தமிழில் பெருவாயின் முள்ளியார் ஆசாரக்கோவை என்று நூறு பாட்டில் நடத்தை நூல் எழுதினார். குளிப்பது முதல் எத்திசை நோக்கி உண்பது வரை அதிலுண்டு. யாருக்கு எழ வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும் என்பதும் கூடவே வருகிறது. ஒழுக்க விதி இருக்கும் இடத்தில் படிநிலையும் இருக்கும். சஹனைச் சுற்றி எல்லோரும் சமம் என்று பெருமை பேசும் நாங்கள், சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாமாரின் குடும்பங்களோடு சம்பந்தம் கலக்கத் தயங்கிய ஊர்களிலிருந்துதான் வருகிறோம். குடிப்பெருமை பேசிப் பள்ளிவாசலில் முன்னுரிமை கேட்டவர்களும் நாங்கள்தான். ஒரே தட்டில் ஆறு கைகள் படுவதை அழகியலாகக் கண்டு கவிதை எழுதுபவர்கள், அந்தச் சஹனுக்கு யார் யார் அழைக்கப்படவில்லை என்பதையும் எழுதட்டும்.

இப்போது சஹனும் மெல்ல ஒதுங்குகிறது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கலியாணங்கள் பந்தலிலிருந்து மண்டபத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. அண்மையில் நான் போன ஒரு கலியாணத்தில் முன்வரிசை மேசைகளில் வெள்ளைத் துணி, மடித்த கைதுடைப்பான், முள்ளுக்கரண்டி. பின்னால் பாயில் சஹன். பின்னால் அமர்ந்தவர்களெல்லாம் மணமகளின் வயலில் வேலை செய்தவர்கள். அவர்களை ஒருவரும் அவமதிக்கவில்லை. கெண்டியும் படிக்கமும் கொண்டுபோய்க் கையும் கழுவவைத்தார்கள். அவ்வளவு மரியாதையோடுதான் அவர்கள் பின்னால் வைக்கப்பட்டார்கள். சஹனை ஏழைகளின் பாத்திரமாக்கியது நெட்பிளிக்ஸ் அல்ல.

இத்தொடரின் இரண்டு அத்தியாயங்களை எங்கள் அடுத்த வீட்டு ராத்தாவோடு இருந்துதான் பார்த்தேன். அவர் ஒன்பது வருடம் ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தவர். போவதற்கு முன் பயிற்சி கொடுத்தார்கள். சலவை இயந்திரத்தை இயக்குவது, மேசை பரப்புவது, அவசியமான அரபுச் சொற்கள். எந்தக் கிண்ணம் எந்தப் பக்கம், எந்தக் கரண்டி எதற்கு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. திரையில் பாடம் நடந்துகொண்டிருக்கையில், அடுத்தது என்ன சொல்லப்போகிறார் என்று இவர் முந்திக்கொண்டு சொன்னார்.

"இதெல்லாம் நான் ரியாத்துல செஞ்ச வேலதானே புள்ள. என்னைய ஒருத்தரும் படம் புடிக்கல்ல."

இதைவிடச் சரியான விமர்சனத்தை என்னால் எழுத முடியவில்லை. ஒரே அறிவு, இரண்டு வகுப்பறைகள். சுவிட்சர்லாந்தின் பாடசாலைக்குப் பெருந்தொகை கட்டிக் கற்றால் அது பண்பாடு. பணிப்பெண் கற்றால் அது வேலைப் பயிற்சி. அமர்ந்து உண்பவளின் கையில் அதே முள்ளுக்கரண்டி நாகரிகமாகிறது, எடுத்து வைப்பவளின் கையில் கடமையாகிறது. ஒன்பது வருடம் அந்த மேசையைப் பரப்பியவர், ஊரில் மண்டபத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் அமர்த்தப்படுவார்? எனக்குத் தெரிந்த மட்டில் பாய்ப் பக்கம்தான்.

பெண்களைத் திருத்தும் வேலை நமக்குள்ளும் ஓய்வின்றி நடக்கிறது. இப்படிச் சிரி, இப்படி நட, குரலை இறக்கு, மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முந்தானையைச் சரிசெய் என்று பிறந்த நாள் முதல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'லாடெட் டு லேடி' அந்நியமாகப் படாது. எக்ல்ஸ்டன் ஹோலில் ஐந்து வாரம், நம் வீடுகளில் இருபது வருடம். ஆண்பிள்ளைக்கு இதில் பத்தில் ஒரு பங்கும் சொல்லப்படுவதில்லை. நம் பகுதியில் மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறுகிறவன். புகுந்த வீட்டில் எப்படி நடப்பது என்ற பாடம் அவனுக்கல்லவா முதலில் வேண்டும்? அவனுக்கு மாமி சுடச்சுடப் பரிமாறுவார், அவன் உணவில் உப்பைப் பற்றிச் சொல்வான். கஸ்ஸாலி கூடாதென்றது அதைத்தான்.

கிழக்கின் சிறுகதைகளில் சவூதியும் கட்டாரும் நிறையவே வந்திருக்கின்றன. கடிதமாக வந்தன, காசாக வந்தன, புதிய சுவராகவும் ஓடாகவும் வந்தன, சில வேளைகளில் பெட்டியாகவும் வந்தன. தாயில்லாமல் வளர்ந்த பிள்ளையின் பக்கத்திலிருந்து நல்ல கதைகள் எழுதப்பட்டுள்ளன. அந்த விருந்து மேசையை, சுவரோரம் நின்று யாருடைய பீங்கான் வெறுமையாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணால் எழுதிய கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை. ராத்தா எழுதமாட்டார், அவருக்குச் சொல்லத்தான் வரும். அந்த வீட்டில் பெருநாள் விருந்துக்கு எடுக்கும் பீங்கான்கள் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு என்றும், ஒன்பது வருடத்தில் உடைந்தது இரண்டு என்றும், அவற்றில் ஒன்று தான் உடைத்ததல்ல என்றும் சொன்னார்.