கிமோனோவும் சாயவேரும்

யப்பானியரின் கிமோனோ மேனாட்டார் உடையிற் செல்வாக்குப் பெற்றது 19ஆம் நூற்றாண்டிலேயாம் என்பர் பலர். அக்கூற்று ஆராய்தற்குரியது. 17ஆம் நூற்றாண்டிலேயே, யப்பானை ஆண்ட ஷோகன் பரிசளித்த பட்டங்கிகளை ஒல்லாந்த வணிகர் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். ஆங்குள்ள செல்வர் அவற்றை வீட்டுடையாக விரும்பி அணிந்தனர். வரவோ சிறிது, வேட்கையோ பெரிது. அக்குறையை நிரப்பிய துணிகளுள் ஒன்று, சோழமண்டலக் கரையிற் சாயமெழுதிய சீத்தை.

சீத்தையின் செந்நிறம் சாயவேரிற் பிறந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வேர் மன்னாரிலும் வன்னியிலும் அகழப்பட்டது. ஆங்கிலேயர் அவ்வங்கிக்கு இட்ட ‘பனியன்’ என்னும் பெயரும் இந்திய வணிகரைக் குறித்த சொல்லே.

வடிவம் யப்பானியருடையது, வண்ணமோ நம்மவர் கைத்திறன். அணிந்தவரைப் போற்றி, வேரகழ்ந்தவரையும் சாயந்தோய்த்தவரையும் மறக்கும் உடை வரலாறு குறையுடையதேயாம்.