தீங்கற்ற துணைமருந்து உண்டா?

கீமோதெரபி கட்டியை அழிக்கும், மூலிகை உடம்பைக் காக்கும், மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது, ஆகவே இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்னும் வாதம் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுகிறது. உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் இதற்குச் செவிசாய்ப்போர் இருப்பதில் வியப்பில்லை. மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் மூலிகைச் சரக்குகளும் இறங்கி வருகின்றன. கிழக்கே புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே சென்று மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் நோயாளிக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு எல்லாம் சேர்ந்து வருகின்றன. அவற்றைத் தணிக்க யார் எதைச் சொன்னாலும் அவர் நாடத்தான் செய்வார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. குறை, அவரிடம் சொல்லப்படும் வாதத்தில் இருக்கிறது.

கீமோவின் தீய விளைவைத் தணிக்கும் அளவுக்கு ஒரு மூலிகைக்கு ஆற்றல் உண்டு என்கிறோம். அதே மூச்சில், அதனால் வேறு எந்த விளைவும் நேராது என்கிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? உடம்புக்குள் சென்ற பொருள் நமக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்துவிட்டு மற்ற இடங்களில் கைகட்டி நிற்பதில்லை.

மூலிகை வேறு, இரசாயனம் வேறு என்ற பிரிவினையே இந்த நோயில் நிலைக்காது. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் இரிநோடெக்கான் என்னும் மருந்தின் பிறப்பிடம் ஒரு சீன மரம். அதன் சாற்றிலிருந்து காம்ப்டோதெசின் என்ற பொருளைப் பிரித்து, 1966இல் அதன் அமைப்பை வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி ஆகியோர். நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டஸ் என்னும் சிறுமரத்திலும் அதே பொருள் உண்டு. காம்ப்டோதெசினை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நச்சு விளைவுகள் கடுமையாக இருந்தன. பின்னர் ஜப்பானிய வேதியியலார் அதன் மூலக்கூற்றை மாற்றியமைத்து இரிநோடெக்கானை உருவாக்கினர். 1996இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. இயற்கையில் கிடைத்த வடிவம்தான் இங்கே அதிகத் தீங்கு செய்தது!

இனி அளவுக்கு வருவோம். பள்ளிக் கணக்கில் வரும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நீர் விழுகிறது. கீழே ஒரு துளை வழியே வெளியேறுகிறது. விழும் வேகத்தை மாற்றாமல் துளையை மட்டும் அகலமாக்கினால் நீர்மட்டம் தாழும். துளையைச் சற்று அடைத்தால் மட்டம் ஏறும். இரத்தத்தில் மருந்தின் மட்டமும் இப்படித்தான். மருத்துவர் நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மருந்தை வகுக்கிறார். விழும் நீர் அவர் கையில். துளையோ பெரும்பாலும் கல்லீரலின் நொதிகளிடம் இருக்கிறது. கீமோ மருந்தில் பயன் தரும் மட்டத்துக்கும் நஞ்சாகும் மட்டத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு.

துளையை அகலமாக்கும் மூலிகைக்கு நல்ல சான்று உண்டு. மனச்சோர்வுக்காக ஐரோப்பியர் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மஞ்சள்பூச் செடியை இரிநோடெக்கானுடன் சேர்த்துக் கொடுத்து நெதர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் அதன் முடிவு வெளியாயிற்று. கட்டியைத் தாக்கும் செயல்வடிவமான எஸ்.என்.38 இரத்தத்தில் 42 விழுக்காடு குறைந்துபோயிற்று. ஆய்வில் இருந்தவர்கள் ஐந்து பேரே. ஆயினும் ஒவ்வொருவரையும் மூலிகையோடும் மூலிகையின்றியும் அளந்து ஒப்பிட்டதால் அந்தச் சிறு எண்ணிக்கைக்கும் மதிப்புண்டு. மூலிகையை உண்டவருக்கு இந்த இழப்பு வெளியே தெரியாது என்பதே கவலைக்குரியது. பக்கவிளைவு குறைந்தால் மூலிகை காக்கிறது என்று மகிழ்வார். குறைந்தது மருந்தே என்பதை அவர் எப்படி அறிவார்?

துளையை அடைப்பதற்கு நம் வீட்டு மிளகையே பார்க்கலாம். மஞ்சளின் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் எளிதாக ஏறுவதில்லை. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராமைச் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் ஏறும் அளவு ஏறத்தாழ இருபது மடங்காயிற்று. மஞ்சள் மாத்திரை விற்போர் இந்த முடிவைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறார்கள். பைப்பரின் இதைச் செய்வது உடம்பின் வெளியேற்றும் நொதிகளைத் தடுத்து. அவற்றில் சில, புற்றுநோய் மருந்துகளையும் கையாள்பவை. மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறந்து மற்றவற்றுக்குச் சாத்திவைக்கப் பைப்பரினுக்குத் தெரியாது. (தட்டில் ஊற்றும் மிளகு ரசத்தைப் பற்றி இங்கே பேசவில்லை, செறிவாக்கிய மாத்திரையைப் பற்றியே பேச்சு.)

நொதியே வேண்டாம், கடுக்காயைப் பாருங்கள். கடுக்காய், நெல்லி, தான்றி சேர்ந்த திரிபலா மலமிளக்கி. மலச்சிக்கல்காரருக்கு அது நன்மை. இரிநோடெக்கானோ 5-புளுரோயுராசிலோ ஏறிய வாரத்தில் வயிற்றுப்போக்கால் உடல்நீர் இழந்து துவளும் நோயாளிக்கு அதே சூரணம் ஆபத்து. பொருள் ஒன்றே, வேளை மாறிவிட்டது.

அப்படியானால் சேர்க்கையே கூடாதா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அவசரம். யேல் பல்கலைக்கழகத்தில் யுங்-சி செங் குழுவினர் ஏறத்தாழ 1800 ஆண்டுப் பழைமையுள்ள ஒரு சீனக் கசாயத்தை எடுத்துக்கொண்டனர். சரக்குகள் நான்கு. அவற்றில் அதிமதுரம் நமக்குப் பழக்கமானது. மற்றொன்று நம் இலந்தைக்கு நெருங்கிய உறவு. வயிற்றுப்போக்குக்கு வழங்கி வந்த இக்கசாயத்துக்கு பி.எச்.ஒய்.906 என்று பெயரிட்டு, குடற்கட்டி கொண்ட சுண்டெலிகளுக்கு இரிநோடெக்கானுடன் கொடுத்தனர். 2010இல் முடிவு வெளியாயிற்று. குடலின் உட்சுவர் விரைவில் புதுப்பிக்கப்பட்டது, அழற்சி குறைந்தது, கட்டியின்மேல் மருந்தின் தாக்குதல் தளரவில்லை. நான் இந்த ஆய்வை மெச்சுவது முடிவுக்காக மட்டுமன்று. குடல் தப்பியதா என்பதோடு நிற்காமல், கட்டியும் தப்பிவிட்டதா என்று அவர்கள் சேர்த்தே கேட்டார்கள். ஒவ்வொரு முறை தயாரிக்கும் சரக்கும் முந்தியதைப் போலவே இருக்கிறதா என்று வேதிக் கைரேகை எடுத்துப் பார்த்தார்கள். நம் சூரணங்களில் மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம், அரைப்பவருக்கு அரைப்பவர் சத்து மாறும். நேற்றைய அளவு இன்றைய அளவாக இல்லாதபோது எதை எதனோடு ஒப்பிடுவது? எனினும் சுண்டெலி மனிதன் அன்று. அக்கசாயம் வழக்கமான சிகிச்சையாக ஏற்கப்படவும் இல்லை.

குர்குமினைக் கீமோவுடன் சேர்த்து இங்கிலாந்தின் லெஸ்டரில் செய்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. பரவிய பெருங்குடல் புற்றுநோய் உள்ள, முப்பதுக்கும் குறைவான நோயாளிகள். சேர்க்கையைத் தாங்க முடிகிறது என்பதே அதன் முடிபு. நோயைக் குணப்படுத்துகிறது என்று அதை மேற்கோள் காட்டுவோர் ஆய்வுக்கட்டுரை சொல்லாததைச் சொல்கிறார்கள்.

மருத்துவர்களிடமும் ஒரு குறை உண்டு. “வேறெதுவும் சாப்பிடக்கூடாது” என்று காரணம் கூறாமல் அதட்டினால் நோயாளி நிறுத்துவதில்லை, மறைக்கிறார். 2018இல் யேல் ஆய்வாளர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இங்கே பொருந்தும். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளில் வழக்கமான சிகிச்சையோடு மாற்று வழிகளையும் சேர்த்துக்கொண்ட 258 பேரை, சேர்க்காத 1032 பேருடன் ஒப்பிட்டனர். முதல் குழுவில் 34 விழுக்காட்டினர் கீமோவை மறுத்திருந்தனர். மற்றக் குழுவில் 3 விழுக்காட்டினரே. முதல் குழுவினருக்குச் சாவின் இடர் இரு மடங்கு. சிகிச்சையை மறுத்ததையும் தள்ளிப்போட்டதையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, அங்கே உயிரைக் குடித்தது சேர்த்த பொருளைவிட, அதை நம்பிக் கைவிட்ட சிகிச்சையே.

ஆகவே புதுச்சேரிக்குப் பேருந்தேறும் நோயாளி, உண்ணும் சூரணத்தையும் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். எத்தனை நாளாக, எவ்வளவு, எந்த வேளையில் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். பெயரில்லாப் பொட்டலமாக இருந்தால், கொடுத்த வைத்தியரிடமே சரக்குகளின் பெயரை எழுதி வாங்கலாம். அவர் எழுதித் தர மறுத்தால், கீமோ முடியும்வரை அந்தப் பொட்டலம் பரண்மேல் இருக்கட்டும்.