நோட்டரியின் முன் ஒரு திரை

பத்திரத்தில் கையெழுத்திடுபவர் இன்னாரே என்பதையும், அவர் மனமொப்பியே கையெழுத்திடுகிறார் என்பதையும் நேரில் கண்டு முத்திரையிடுவது நோட்டரியின் வேலை. இந்த 'நேரில்' என்ற சொல்லை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் முதன்முதலாகத் தளர்த்தியது. 2011இல் இயற்றப்பட்டு 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் காமிரா வழியாகக் கண்டு பேசினால் போதும். 2020இல் கொரோனா பரவியபோது பல மாநிலங்கள் அவசர ஆணைகளின் மூலம் இதற்கு இடமளித்தன. இன்று பெரும்பாலான மாநிலங்களில் இது நிலையான சட்டம். காகித முறையைவிட இது பாதுகாப்பானது என்கின்றனர் இதன் ஆதரவாளர்கள். அக்கூற்று எவ்வளவு தூரம் சரி என்று ஆராய்வோம்.

முதலில் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கையெழுத்து முடிந்ததும் கணிப்பொறி பத்திரம் முழுவதையும் ஒரு கணித முறைக்கு உட்படுத்தி ஓர் எண்ணைப் பெறுகிறது. பரவலாக வழங்கும் 'ஷா-256' முறையில் இத்தகைய எண்கள் எத்தனை இருக்கக்கூடும் என்று எழுதினால், அந்த எண்ணிக்கையே 78 இலக்கங்கள் கொண்டதாக இருக்கும்! பத்திரத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் எண் அடியோடு மாறிவிடும். நோட்டரி தம்மிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் இந்த எண்ணுக்கு முத்திரையிடுகிறார். அதற்கு இணையான பொதுச் சாவியால் எவரும் அதைச் சரிபார்க்கலாம். டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் 1976இல் வெளியிட்ட கருத்து இதற்கு அடிப்படை. காகிதப் பத்திரத்தின் நடுப்பக்கத்தை மாற்றிச் செருகிவிடலாம். இங்கு அந்த மோசடி உடனே வெளிப்பட்டுவிடும். உரையாடலின் ஒளிப்பதிவையும் வர்ஜீனியாவில் 5 ஆண்டுகள், ஃப்ளோரிடாவில் 10 ஆண்டுகள் காக்கவேண்டும். இவை உண்மையான ஆதாயங்கள்.

ஆனால் கையெழுத்திடும் ஆளின் நிலை என்ன? அடையாள அட்டையைக் காமிராவில் காட்டுவதோடு, பல மாநிலங்களில் ஒரு சிறு தேர்வும் உண்டு. குறைந்தது 5 கேள்விகள். 2 நிமிட நேரம். நூற்றுக்கு 80 பெறவேண்டும். முன்பு எந்தத் தெருவில் குடியிருந்தீர், எந்த நிறுவனத்தில் கடன் வாங்கினீர் என்பன போன்ற கேள்விகள் கடன் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்படுகின்றன. இத்தேர்வு சோதிப்பது ஆளை அன்று; ஆளைப் பற்றிய செய்திகளை. செய்திகளோ திருடக்கூடியவை. அமெரிக்க வருமானவரித் துறையின் இணையச் சேவையில் 2015இல் திருடர்கள் இத்தகைய கேள்விகளுக்கே சரியான விடையளித்துப் பிறருடைய வரிக்கணக்குகளைப் பார்த்துவிட்டனர். 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் பதிவு நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின.

திரையில் தெரியும் முகத்தையாவது நம்பலாமா? 2024இல் ஹாங்காங்கில் ஓர் அலுவலர், காணொலிக் கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைக் கண்டதாக நம்பி, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். அவர் கண்டவை கணிப்பொறி புனைந்த போலி முகங்கள்.

முகம் உண்மையானதாகவே இருந்தாலும் மனம் ஒப்பியதா என்ற கேள்வி நிற்கிறது. வீட்டை எழுதிக்கொடுக்கும் முதியவர் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். காமிராவுக்குப் பின்னால் நின்று அவரை மிரட்டுபவரை நோட்டரி எப்படிக் காண்பார்? நேர்முறையிலும் அவசர முத்திரைகளும் போலி அட்டைகளும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அங்கே அருகில் நிற்பவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே கேட்க நோட்டரியால் முடியும்.

ஆகவே பத்திரத்திற்குப் போட்ட பூட்டின் வலிமையை ஆளுக்கும் உரியதாகச் சொல்வது தவறு. முன்பே ஒருமுறை நேரில் சென்று அடையாளத்தை நிலைநாட்டியிருத்தல் வர்ஜீனியா சட்டம் ஏற்கும் வழிகளுள் ஒன்று. சொத்துப் பத்திரங்களுக்கேனும் அதை எங்கும் கட்டாயமாக்குவதே அறிவுடைமை. அதன் பிறகும் அறையில் வேறு யார் இருக்கிறார் என்று கேட்டறியும் கடமை நோட்டரியுடையதே. எழுத்து மாறவில்லை என்று கணிதம் உறுதி கூறும். எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்பதை மனிதர்தாம் விசாரித்தறியவேண்டும்.