கரைக்கு வந்தவரும் கரையில் இருந்தவரும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டைக்குப் போகும் கரையோர வீதியில் நிலாவெளியைத் தாண்டினால் இறக்கக்கண்டிப் பாலம் வரும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். தமிழரும் முஸ்லிம்களும் தொழில் செய்யும் கரை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரையும் தெற்குக் கரையும் கொந்தளிக்கும்போது கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் மீனவர்கள் வடகிழக்குக் கரைக்கு வந்து, வாடி என்ற தற்காலிகக் குடில் அடித்து, தொழில் செய்து, வாடைக்காற்றுக்கு முன் ஊர் திரும்புவது தலைமுறைகளாக நடந்துவருகிறது.

இந்த வரவையும் போக்கையும் சமூகவியல் எப்படிப் பார்த்தது என்ற கேள்வியோடு அத்துறையின் பழைய நூல்களைப் புரட்டினால் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. வந்தவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர் புறப்பட்ட ஊரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவர் வந்து இறங்கிய கரையைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. நூறாண்டுக்கு முன் விழுந்த இந்தப் பழக்கம் இன்றைய கொள்கை ஆவணங்கள் வரை தொடர்கிறது என்பதே என் வாதம்.

தொடக்கம் அப்படி இருக்கவில்லை. வில்லியம் தோமஸ், ஃபுளோரியன் ஸ்னானியெட்ஸ்கி இருவரும் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து விவசாயி' குடிபெயர்ந்தோர் ஆய்வின் முதல் பெருநூல். அதன் தலைப்பிலேயே இரண்டு கரைகளும் இருக்கின்றன. போலந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே போய்வந்த குடும்பக் கடிதங்களைத் திரட்டி, இங்கே என்ன அறுந்தது, அங்கே என்ன முளைத்தது என்று பார்த்தார்கள். சாதாரண மனிதரின் கடிதத்தையும் தன்வரலாற்றையும் அறிவியல் சான்றாக மேசைக்குக் கொண்டுவந்த துணிச்சல் அவர்களுடையது. நூல் வெளிவரத் தொடங்கிய 1918ஆம் ஆண்டிலேயே தோமஸ் ஒரு தனிப்பட்ட விவகாரத்தால் சிக்காகோப் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கப்பட்டார். 1921இல் அவர் பெரும்பகுதியை எழுதிய இன்னொரு நூல் ரொபர்ட் பார்க், ஹேர்பட் மில்லர் ஆகியோரின் பெயரில் வெளிவந்தது. தோமஸின் பெயர் அட்டையில் ஏற முப்பது ஆண்டுகள் பிடித்தன.

துறையில் நிலைத்தது பார்க்கின் வழி. சந்திப்பு, போட்டி, இணக்கம், கலப்பு என்று நான்கு படிகளை அவர் வகுத்தார். வந்தவர் படிப்படியாகப் புதிய சமூகத்தில் கரைந்துவிடுவார் என்பது அதன் உட்கிடை. அமெரிக்க நகரங்களைப் பார்த்து எழுந்த இந்த ஏணி உலகம் முழுவதற்கும் அளவுகோலாயிற்று. அதே சிக்காகோவில் படித்த போல் சியூ அதை மறுத்தார். சலவைக்கடைக்காரர் ஒருவரின் மகனான அவர், 1952இல் எழுதிய கட்டுரையில், தங்கிவிடும் எண்ணமே இல்லாமல் வந்து உழைத்து, மனத்தைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்கும் மனிதரை இனங்காட்டினார். சீனச் சலவைத் தொழிலாளர் பற்றிய அவரது ஆய்வேடு நூலாக வந்தது 1987இல்தான். பருவம் முழுவதும் வாடியில் இருந்து ஊர் திரும்பும் மீனவரைப் புரிந்துகொள்ளப் பார்க்கைவிடச் சியூவே உதவுகிறார். ஆனால் எங்கள் பக்கத்து ஆய்வுகளில் சியூவின் பெயரை நான் அதிகம் கண்டதில்லை.

இலங்கையில் குடிபெயர்ந்தோரைப் பற்றிய முறையான விசாரணை தோட்டத் தொழிலாளர்களோடு தொடங்கியது. 1938இல் வெளிவந்த சேர் எட்வர்ட் ஜக்சனின் அறிக்கை, இந்தியத் தொழிலாளர் இலங்கையரின் வேலையைப் பறிக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அரசியலுக்கு அந்த முடிவு வேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டே அரசுப் பணியிலிருந்த இந்திய நாட்கூலிகள் வெளியேற்றப்பட்டனர். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஆய்வு நீடித்த செல்வாக்குச் செலுத்தும் என்று பேசும்போது, செவிசாய்க்கப்படாத இந்த ஆய்வையும் நினைவில் வைக்க வேண்டும்.

செல்வாக்கு மிக்க நூல் 1957இல் வந்தது. கேம்பிரிட்ஜ் புவியியலாளர் பி.எச். ஃபாமர், உலர்வலயக் குடியேற்றத் திட்டங்களைப் பற்றி எழுதியது. கந்தளாயும் அல்லையும் திருகோணமலை மாவட்டத்துக்கு அத்தகைய திட்டங்களால் வந்த மாற்றங்களின் பெயர்கள். ஃபாமர் நேர்மையான ஆய்வாளர். உலர்வலயத்தின் பழைய கிராமங்களை அறியாதவரும் அல்லர். 1963இல் இலங்கையைப் பிளவுண்ட நாடு என்று தலைப்பிலேயே சொல்லி அவர் இன்னொரு நூல் எழுதினார். இருந்தும் முதல் நூலின் நாயகர் காட்டை வெட்டிக் குடியேறும் முன்னோடி விவசாயியே. அவருக்கு நிலம் போதுமா, நீர் வருமா, கடன் தீருமா என்ற கேள்விகள் நுணுக்கமாக எழுகின்றன. பக்கத்தில் முன்பே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்பது ஓரத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் பட்ரிக் பீபிள்ஸ் முக்கியமானவர். குடியேற்றத்தால் மாவட்டங்களின் இன விகிதம் எப்படி மாறியது என்பதைச் சனத்தொகைக் கணக்குகளைக் கொண்டு 1990இல் அவர் காட்டினார். இடையில் 33 ஆண்டுகள் போயிருந்தன, போரும் மூண்டிருந்தது.

குடியேற்றத்தைப் பதிவுசெய்வது எங்களுக்குப் புதிதல்ல. கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டன் என்ற மன்னன் சோழநாட்டுப் பக்கத்திலிருந்து குடிகளைக் கொண்டுவந்து திருகோணமலைக் கோணேசர் கோயில் ஊழியங்களைப் பங்கிட்டதைச் சொல்லும் நூல். அதை வரலாறாக எடுப்பதா, கோயில் உரிமைகளை நிறுவும் ஆவணமாக எடுப்பதா என்று அறிஞர்கள் வாதிடலாம். என் கண்ணுக்குப் படுவது வேறு. வந்த குடிக்கு என்ன கடமை, என்ன உரிமை, இருந்தவரோடு என்ன முறை என்று வகுத்துச் சொல்ல அந்த நூல் மெனக்கெடுகிறது.

மீனவரைப் பற்றிய ஆய்வுக்கு வருவோம். இதற்கு வாய்ப்பாடு வகுத்தவர் ரேமண்ட் ஃபர்த். மலாயாவின் கிளந்தான் கரையில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் தங்கி அவர் எழுதிய நூல் 1946இல் வந்தது. யார் வலை வைத்திருக்கிறார், பங்கு எப்படிப் பிரிகிறது, கடன் யார் கொடுக்கிறார் என்று அவர் கேட்ட கேள்விகளே பிறகு இலங்கைக்கு வந்தவர்களுக்கும் வழிகாட்டின. தெற்கே மாவெல்லையில் கரைவலைக்காரரிடையே ஆய்வுசெய்த போல் அலெக்சாந்தர் (நூல் 1982), சிலாபக் கரையின் கத்தோலிக்க மீனவரைப் பற்றி எழுதிய ஆர்.எல். ஸ்ரிரட் (நூல் 1988), யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரைப் பற்றி 1984இல் எழுதிய மார்ட்டன் பாவிங்க் ஆகிய மூவரும் இந்த வழியில் வந்தவர்களே.

இவர்களில் அலெக்சாந்தரின் ஆய்வு போன தூரம் வியப்புக்குரியது. மாவெல்லையில் ஊரோடு பிறப்பாலோ உறவாலோ தொடர்புடையவரே வலை இறக்கலாம். வலைகள் முறை வைத்து இறங்கும். யாருக்கும் அநீதி இல்லாத ஏற்பாடு. ஆனால் வலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட ஊரால் முடியவில்லை. கட்ட முனைந்தபோது அரசியல் செல்வாக்குள்ளவர்கள் குறுக்கிட்டார்கள். வலை பெருகப் பெருக ஒவ்வொருவருக்கும் முறை வருவது அரிதாகி, வருமானம் கரைந்தது. எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் எழுதிய பொதுவளங்கள் பற்றிய நூலில், பொதுச்சொத்தைத் தாமே ஆளும் ஏற்பாடு எப்போது முறியும் என்பதற்கு மாவெல்லை ஒரு சான்றானது. 2009இல் ஒஸ்ட்ரொமுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தபின் உலகெங்கும் மாணவர்கள் அந்தக் கரையைப் படிக்கிறார்கள்.

நல்ல ஆய்வு. ஆனாலும் ஊரை அலகாகக் கொண்ட ஆய்வு. ஒரு கரை, அதற்குரிய மக்கள், அவர்களுக்குள் விதி. பருவத்துக்குப் பருவம் வெளியூரார் வந்து இறங்கும் கரைக்கு இந்தச் சட்டகம் போதாது. இங்கே இரண்டு ஊர்களின் விதிகள் ஒரே மணலில் சந்திக்கின்றன.

கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பார்த்தால் இது விளங்கும். தோணி ஒரு நுனிக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் போய், வலையை வளைத்து இறக்கி, மறு நுனிக் கயிற்றோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். இரண்டு கயிற்றிலும் இரண்டு வரிசை ஆட்கள். இழுக்க இழுக்க இரு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி, சூடையும் கீரியும் மடிக்குள் போகாமல் தப்பிவிடும். அதற்கு ஆள்பலம் வேண்டும். ஆட்களுக்குக் குடிநீர்க் கிணறு வேண்டும், விறகு வேண்டும், பருவம் முடியும்வரை கடன் கொடுக்கும் கடை வேண்டும், மீனை வாங்கி ஐஸ் போட்டு அனுப்பும் வியாபாரி வேண்டும். இவை எதையும் நீர்கொழும்பிலிருந்து வண்டியில் ஏற்றிவர முடியாது. கரையில் இருந்தவரோடு பேசித்தான் பெற வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தையே குடிபெயர்வின் கரு. எங்கள் நூலகங்களில் அதற்கு ஒரு முழு நூல் இல்லை.

பேசிய மொழியும் கவனத்துக்குரியது. சிலாபம், நீர்கொழும்புக் கரையின் கரையார் குடும்பங்கள் பலவற்றில் தமிழ் வீட்டு மொழியாக இருந்தது. பள்ளிக்கூட மொழி மாற, இரண்டு மூன்று தலைமுறைகளில் சிங்களம் அந்த இடத்தைப் பிடித்தது. எம்.டி. இராகவன் 1961இல் கரையார் பற்றி எழுதிய நூல் அவர்களுடைய தென்னிந்தியத் தொடர்புகளை விரிவாகவே பேசுகிறது. ஆக, கிழக்குக் கரைக்கு வந்தவரில் பலர் தமிழ் தெரிந்தவர்கள். கலப்பு என்ற பார்க்கின் கடைசிப் படியை அவர்கள் தம் சொந்த ஊரிலேயே, வேறு திசையில் ஏறி முடித்திருந்தார்கள்.

1984 டிசம்பரில் இறக்கக்கண்டிக்கு வடக்கே நாயாறு, கொக்கிளாய் வாடிகளில் சிங்கள மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே காலத்தில் சுற்றுவட்டாரத் தமிழ்க் கிராமங்கள் தம் மண்ணிலிருந்து அகற்றப்பட்டன. 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் வள்ளங்களும் வலைகளும் எரிந்தன. இந்தக் கொடுமைகள் ஆய்வு இல்லாததால் நிகழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கு முன் இரு தரப்பும் எந்த ஏற்பாட்டில் ஒரே கரையில் தொழில் செய்தார்கள் என்பது எழுத்தில் இருந்திருந்தால், போருக்குப் பின் அனுமதிப்பத்திரமும் எல்லைக்கோடும் வகுத்த அதிகாரிகள் வெறும் மணலில் கோடு கிழித்திருக்க மாட்டார்கள்.

பழைய ஆய்வு பயன்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. கிழக்கிலங்கையில் மகளுக்கு வீடு கொடுப்பதும் மணமகன் அங்கே வந்து குடியிருப்பதும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பரவலான வழமை. நூர் யல்மன் 1960களிலேயே கிழக்கின் உறவுமுறையை எழுதினார். அக்கரைப்பற்றில் 1969 முதல் தங்கிய டெனிஸ் மக்கில்வ்ரே அதை ஆழமாக்கினார். 2004 சுனாமி இந்தக் கரை முழுவதையும் அடித்துப்போனபின் வீடு கட்டிக்கொடுக்க வந்தவர்கள் 'குடும்பத் தலைவர்' என்று ஆண்களின் பெயரை எழுதியபோது, பெண்ணின் சொத்து கைமாறுகிறது என்று ஆதாரத்தோடு சொல்ல அந்த ஆய்வுகள் இருந்தன. கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்கள் பற்றிக் காஞ்சனா ருவன்புர 2006இல் எழுதிய நூலும் அந்த வரிசையில் சேர்ந்தது. மேடைப் பேச்சால் கிடைக்காத வாதவலிமை அது.

திருகோணமலைக் கரையை நேராகப் பார்த்த அண்மைய ஆய்வு, கயத்ரி லொக்குகே 2017இல் வாகனிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு. மீனுக்கும் இனம் உண்டு என்று அதன் தலைப்புச் சொல்கிறது. எந்த இனத்தார் எந்த வலையைப் பிடிக்கிறார், யார் எந்தச் சட்டத்தை மீறினாலும் கண்டுகொள்ளப்படுவதில்லை, பெண்களின் கடற்கரை உழைப்பு ஏன் தொழிலாகவே கணக்கில் வருவதில்லை என்ற கேள்விகளை அது கேட்கிறது. ஃபர்த்தின் பங்குக்கணக்கு அதில் இருக்கிறது. கூடவே, இருந்தவரும் வந்தவரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். தோமஸும் ஸ்னானியெட்ஸ்கியும் திறந்துவைத்த கதவு இவ்வளவு காலம் கழித்து எங்கள் பக்கம் திறந்திருக்கிறது. அது தமிழில் இன்னும் வராதது வருத்தம்.

எங்களவர் வெளியே போன கதையிலும் கடலே முதலில் வருகிறது. 1956இல் நோர்வே போன அந்தோனி இராஜேந்திரம் யாழ்ப்பாணக் கரையில் சீநோர் மீன்பிடித் திட்டத்துக்கு வழிவகுத்தவர். பின்னால் போனவர்களில் பலர் வட நோர்வேயின் மீன் ஆலைகளில் வேலைசெய்தார்கள். ஒய்விண்ட் ஃபுக்லெருட் 1999இல் அவர்களைப் பற்றி எழுதினார். அங்கே நாம் வந்தவர்; அந்தக் குளிர்க்கரையில் முன்பே மீன் பிடித்துக்கொண்டிருந்தவரின் பார்வையில் நாம் எப்படித் தெரிந்தோம் என்று கேட்கத் தமிழில் யாருக்கும் தோன்றவில்லை. அதே பழக்கம்தான்.

போலந்துக் கடிதங்களுக்கு ஈடான சான்றுகள் இந்தக் கரையில் இல்லாமல் இல்லை. வாடி முதலாளிமாரின் பற்றுவரவுக் கொப்பிகள், கடைக்காரரின் கடன் கணக்கு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டக்குறிப்புகள், கரைவலை இழுக்கும் இடத்துக்கான அனுமதிகள், சிலாபத்துக் கோயில்களின் திருமுழுக்குப் பதிவேடுகள். போரிலும் சுனாமியிலும் இறக்கக்கண்டிப் பக்கத்தில் பெரும்பகுதி போயிருக்கும். மேற்குக் கரையில் அப்படி நேரவில்லை. அங்கே வீடுகளின் பெட்டிகளில் கிழக்கின் கணக்கு இருக்க வாய்ப்பு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலிருந்து தமிழும் சிங்களமும் தெரிந்த இரண்டு மாணவர்கள் ஒரு தென்மேற்குக் கச்சான் பருவத்தை வாடியிலும், அடுத்த வாடைப் பருவத்தைச் சிலாபத்திலும் கழித்தால் தொடங்கிவிடலாம். அந்தக் கொப்பிகளை வாசித்துச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள்.