பூட் ஆனால் போதுமா?

உபுண்டு நிறுவல் முடியப்போகும் நேரத்தில், க்ரப் தொகுப்பை நிறுவ முடியவில்லை, அது இல்லாமல் கணினி கிளம்பாது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கோப்புகள் எல்லாம் டிஸ்கில் இறங்கிவிட்டன. கணினியைக் கிளப்பும் பூட்லோடரான க்ரப் மட்டும் உட்காரவில்லை. இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மறுபடி முதலிலிருந்து நிறுவலாம். பூட்-ரிப்பேர் என்ற கருவியை ஓடவிடலாம். லைவ் பென்டிரைவில் நுழைந்து, சிஎச்ரூட் கட்டளை மூலம் டிஸ்கில் நிறுவிய உபுண்டுவுக்குள் புகுந்து கையாலேயே க்ரப்பை எழுதலாம். மூன்றில் எதை ஆதரிப்பவரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கணினி பூட் ஆனதா? அந்தக் கேள்வி போதாது. அடுத்த க்ரப் அப்டேட் வந்த பிறகும் பூட் ஆகிறதா என்பதே பழுது தீர்ந்ததற்கான அளவுகோல்.

இப்படி அழுத்திச் சொல்ல 2020 ஜூலையில் நடந்தது காரணம். பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறையைச் சரிசெய்ய டெபியனும் உபுண்டுவும் க்ரப்புக்குத் திருத்தம் வெளியிட்டன. அப்டேட் செய்து ரீஸ்டார்ட் கொடுத்த பலருக்கு, ‘க்ரப்_கேலாக்’ என்ற சிம்பல் கிடைக்கவில்லை என்ற வரியும், அதன் கீழே க்ரப் ரெஸ்க்யூ என்ற வெறும் ப்ராம்ப்டும்தான் தெரிந்தன. அதுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கணினிகள் அவை.

பழைய பயாஸ் முறையில் க்ரப் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. டிஸ்கின் முதல் செக்டரில் உள்ள 512 பைட்டில் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். அந்தச் சிறு நிரல், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள இடைவெளியில் எழுதப்பட்ட மையப் பகுதியை எழுப்பும். மையப் பகுதி, பூட் கோப்புறையில் இருக்கும் மாட்யூல்களை ஏற்றும். அந்தத் திருத்தத்தில் மையப் பகுதிக்குள் புதிதாக ஒரு ஃபங்ஷன் சேர்ந்தது. புது மாட்யூல்கள் அதைத் தேடின. ஆனால் மையப் பகுதியை எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று டெபியன் தன்னிடம் வைத்திருக்கும் குறிப்பில், பாதிக்கப்பட்ட கணினிகளில், வேறொரு டிஸ்கோ எப்போதோ கழற்றிய டிஸ்கோ இருந்தது. மாட்யூல் புதிது, மையம் பழையது. இரண்டும் ஒட்டவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மறுநிறுவலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சாவி தொலைந்ததற்கு வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை அது. போதாததற்கு, பல நேரம் பலனும் தராது. டிஸ்க் ஜிபிடி முறையில் இருந்து, பென்டிரைவ் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருந்தால், க்ரப்புக்கென ஒரு எம்பி அளவில் தனிப் பார்ட்டிஷன் தேவை. அது இல்லாவிட்டால் எத்தனை முறை நிறுவினாலும் அதே இடத்தில்தான் முட்டும்.

பூட்-ரிப்பேரை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு டிஸ்கின் தொடக்கத்திலும் என்ன இருக்கிறது, எந்தப் பார்ட்டிஷனில் எந்தக் கோப்பு, மதர்போர்டின் நினைவில் என்ன பூட் பதிவு என்று அது எழுதித் தரும் அறிக்கை அருமையானது. லினக்ஸ் தெரிந்தவரும் கையால் திரட்ட அலுத்துக்கொள்ளும் விவரம் அது. முறை மாறிப் பூட் செய்திருந்தால் அதையும் எச்சரிக்கும். எனக்கு உடன்பாடில்லாதது, பரிந்துரைக்கப்படும் பழுதுநீக்கம் என்ற அந்தப் பெரிய பொத்தான்தான். அதை அழுத்திய பின் எது கெட்டிருந்தது, எது மாறியது என்று பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. க்ரப் தொகுப்பை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி இறக்கும் வழியும் அதில் உண்டு. இடையில் இன்டர்நெட் போனால், முன்பு பாதி கெட்டிருந்தது முழுதாகக் கெடும்.

சிஎச்ரூட் வழியில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கைவழிக்காரர்கள் பெருமைப்படுவது நியாயம்தான். ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்யாமல் லைவ்விலிருந்தே க்ரப்-இன்ஸ்டால் கொடுத்தால் ‘கவ்’ என்ற பாதையை அறிய முடியவில்லை என்று திட்டும். அந்தத் திட்டே தவறு எங்கே என்று காட்டிவிடும். டிஸ்கின் பெயருக்குப் பதில் பார்ட்டிஷன் எண்ணைக் கொடுத்தாலும் எச்சரித்து நிறுத்தும். ஆனால் வழக்கமாகச் சொல்லித்தரப்படும் கைவழி, க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் என்ற இரண்டு கட்டளைகளோடு முடிந்துவிடுகிறது. கணினி எழும்; டெபியனின் குறிப்பு மட்டும் பழைய டிஸ்கையே காட்டிக்கொண்டிருக்கும். 2020-இல் விழுந்த கணினியை இப்படி எழுப்பினால், அடுத்த முறை மாட்யூலும் மையமும் முரண்படும்போது அது மறுபடி விழும்.

பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ உள்ள புதிய கணினிகளிலும் இதே குறை வேறு வடிவில் வருகிறது. சில மதர்போர்டுகள் தங்கள் நினைவில் எழுதிய பூட் பதிவை மதிப்பதில்லை. அப்போது க்ரப் கோப்பைப் பொதுவான மாற்றுப் பாதையில் நகலெடுத்து வைக்கச் சொல்வார்கள். உடனே பூட் ஆகும். ஆனால் கையால் வைத்த அந்த நகலை டெபியனின் அப்டேட் தானாகத் தேடி வராது. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று செக்யூர் பூட்டில் க்ரப்புக்கு முன்னால் ஓடும் ஷிம் என்ற சிறு நிரலின் பழைய பதிப்புகளைத் தடுத்தபோது, பழைய பதிப்போடு இருந்த இரட்டை பூட் கணினிகள் பல லினக்ஸுக்குள் நுழைய முடியாமல் நின்றன. கவனிக்க ஆளில்லாத நகல் காத்திருப்பது இப்படியொரு நாளுக்குத்தான்.

ஆகவே என் தீர்ப்பு: காரணத்தைக் கண்டறிய பூட்-ரிப்பேரின் அறிக்கை, பழுது நீக்கக் கைவழி. அதுவும் சிஎச்ரூட்டிலிருந்து வெளியேறும் முன் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தால் மட்டும். பயாஸ் கணினியில் க்ரப்-பிசி தொகுப்புக்கு அதைக் கொடுத்தால் டிஸ்குகளின் பட்டியல் வரும். சரியான டிஸ்கை ஸ்பேஸ் தட்டிக் குறியிட்ட பிறகே என்டர் அடிக்க வேண்டும்; அப்போதுதான் டெபியனின் குறிப்பு திருந்தும். டெபியனின் யூஇஎஃப்ஐ தொகுப்பில், மாற்றுப் பாதையிலும் ஒரு பிரதி வைக்கட்டுமா என்ற கேள்வி வரும். ஆம் என்றால் அந்தப் பிரதியும் அப்டேட்டின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இது டெபியன் குடும்பத்துக்கான தீர்ப்பு. ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ கணினி என்றால் க்ரப்2-இன்ஸ்டால் பக்கமே போகக் கூடாது. ஷிம், க்ரப் தொகுப்புகளை டிஎன்எஃப் மூலம் மறுபடி நிறுவுவதே அங்கே வழி. கோப்பை வைப்பதும் தொகுப்பு மேலாளர்தான், பின்னால் புதுப்பிப்பதும் அதுவே என்பதால், இங்கே நாம் தனியாகத் திருத்த வேண்டிய குறிப்பு அங்கே இல்லை.