மடிக்கு முப்பத்தைந்து மதிப்பெண்

ஆட்டைக் கண்டதும் சந்தைக்காரரின் கை தன்னையறியாமல் அதன் முதுகெலும்புக்குப் போகும். எட்டயபுரம் சந்தையில் இடுப்புக்கு மேல் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தே எத்தனை கிலோ கறி தேறும் என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் கறவை ஆட்டுக் கண்காட்சியில் நிற்கும் நடுவரும் தொட்டுத்தான் பார்க்கிறார். ஆனால் அவர் கை தேடுவது நேர் எதிரானதை. அங்கே சதை ஒரு குறை. விலா எலும்புகள் தட்டையாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கழுத்து நீண்டு மெலிந்திருக்க வேண்டும். உள்தொடை ஒடுங்கி மடிக்கு இடம் விட வேண்டும். தின்ற தீனி உடம்பில் ஒட்டாமல் பாலாகப் போகிறது என்பதற்கு இவையெல்லாம் சாட்சி. கசாப்புக்காரர் வேண்டாமென்று தள்ளிவிடும் ஆடு அங்கே பட்டம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்.

1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவில் கறவை ஆடுகளுக்கென்று நடந்த முதல் போட்டி அதில்தான். ஆடுகளின் வம்சாவளியைப் பதிவு செய்யும் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டில். 1964-இல் அது அமெரிக்கக் கறவை ஆட்டுச் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வட கரோலினாவின் ஸ்பின்டேல் என்ற சிற்றூரில் அலுவலகம் வைத்திருக்கும் அந்தச் சங்கம் வகுத்த மதிப்பெண் அட்டைதான் இன்று மாவட்டப் பொருட்காட்சி முதல் தேசியக் கண்காட்சி வரை கறவை ஆட்டுக் களங்களில் செல்லுபடியாகிறது.

அந்த அட்டையைக் கவனித்துப் படித்தால் ஒரு ரசனையின் இலக்கணமே கிடைத்துவிடும். மொத்தம் 100. பொதுத் தோற்றத்துக்கு 35, கறவைத் தன்மைக்கு 20, உடல் கொள்ளளவுக்கு 10, மடிக்கு 35. பொதுத் தோற்றத்துக்கான 35-இலும் தலையழகு, இன அடையாளம் எல்லாம் சேர்த்து வெறும் 5. கால், கணு, குளம்புக்கு 15. முகவெட்டைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நியாயமான கணக்கு. நடக்க முடியாத ஆடு மேயாது, மேயாத ஆடு கறக்காது.

மடிக்கு வருவோம். புதிதாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிய மடிதான் நல்ல மடி. பழகிய கண் அளவைக் கடைசியில்தான் பார்க்கும். முதலில் பார்ப்பது அது எப்படித் தாங்கப்பட்டிருக்கிறது என்பதை. மடிக்கான 35-இல் 13 மதிப்பெண் இந்தத் தாங்கலுக்கே போகிறது. பின்னாலிருந்து பார்த்தால் மடியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓட வேண்டும். மடியை இரு பாதியாகப் பிரித்து உடலோடு தூக்கிப் பிடித்திருக்கும் நடுத் தசைநார் உறுதியாக இருப்பதன் அடையாளம் அது. அது தளர்ந்தால் மடியின் அடித்தளம் பின்னங்கால் மூட்டுக்குக் கீழே இறங்கும், காம்புகள் இரு பக்கமும் விலகும், நடக்கும்போது கால் இடிக்கும், முள்ளில் கிழியும், நோய் புகும். பின்மடி உயரத்திலும் அகலத்திலும் தொடங்க வேண்டும். முன்மடி வயிற்றோடு பைபோல் ஒட்டித் தொங்காமல், எங்கே முடிகிறது என்று தெரியாதபடி வழிந்து கலக்க வேண்டும். பிறகு தொட்டுப் பார்ப்பது: நல்ல மடி கறந்ததும் காலிப் பைபோல் சுருங்கிவிடும். கறந்த பிறகும் கெட்டியாக நிற்கும் மடியில் இருப்பது பால் சுரக்கும் திசு அல்ல, வெறும் சதை.

இங்கேதான் கலைக்குள் கள்ளத்தனமும் நுழைகிறது. மடி நிறைந்திருந்தால் அழகாகத் தெரியும் என்பதால் முந்தைய கறவை நேரத்தைக் களம் ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வைப்பார்கள். அதுவரை தப்பில்லை, எல்லாரும் செய்வதுதான். பேராசைக்காரர் இன்னும் சில மணி நேரம் தள்ளிப்போடுவார். மடி வீங்கிப் பளபளத்து, காம்புகள் விறைத்து வெளிப்பக்கம் திரும்பி, ஆடு காலை அகட்டி நடக்கும். அனுபவமுள்ள நடுவர் இதை நடையிலேயே கண்டுகொள்வார். அளவுக்கு மீறி நிரம்பிய மடியில் நடுப்பள்ளமும் மறைந்துவிடும் என்பதால், ஏமாற்ற நினைத்தவர் தன் ஆட்டின் சிறப்பைத் தானே மறைத்துவிடுகிறார். தேசியக் கண்காட்சியில் இந்தச் சிக்கலே வேண்டாமென்று, போட்டிக்கு முன் குறித்த நேரத்தில் எல்லா மடிகளையும் மேற்பார்வையில் ஒட்டக் கறக்க வைக்கிறார்கள்.

இனங்களின் வரிசை இந்த இறுக்கமான இலக்கணத்துக்கு வண்ணம் சேர்க்கிறது. வெள்ளை வெளேரென்ற சானன். முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடும் வெள்ளைக் கால்களுமாக, சுவிட்சர்லாந்தின் பழைய இனங்களில் ஒன்றான டாக்கன்பர்க். எல்லா நிறக் கலவையிலும் வரும் ஆல்பைன். பெட்டையாக இருந்தால் தோளுயரம் 22.5 அங்குலத்தைத் தாண்டக் கூடாத நைஜீரியக் குள்ள ஆடு; சந்தேகம் வந்தால் அளவுகோல் களத்துக்கே வந்துவிடும். 1958-இல் தனி இனமாக ஏற்கப்பட்ட லாமாஞ்சா, ஓரிகன் மாநிலத்தில் யூலா ஃபிரே என்ற பெண்மணி உருவாக்கியது. அதற்குக் காது இல்லை என்றே சொல்லலாம். பெட்டைக்கு இரண்டு அங்குலம் வரை அனுமதி, கிடாவுக்கு ஓர் அங்குலம்தான். அடையாளப் பச்சை குத்தக் காதில் இடமில்லாததால் அதற்கு மட்டும் வாலடித் தோலில் குத்துகிறார்கள்.

நமக்கு உறவுமுறை உள்ளது நூபியன். வளைந்த கிளிமூக்கும் முகவாயைத் தாண்டித் தொங்கும் காதும் கொண்ட இந்த இனத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர்ப் பெட்டைகளோடு ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலேறி வந்த கிடாக்களைச் சேர்த்து இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். அந்த இந்தியக் கிடாக்களில் முக்கியமானது உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா பக்கத்து ஜமுனாபாரி. தமிழ்நாட்டு ஆடு வளர்ப்போர் ஆசையோடு வாங்கிக் கட்டும் அதே ஜமுனாபாரிதான். 1909-இல் அமெரிக்காவுக்குப் போன நூபியன், இன்று அங்குள்ள களங்களில் அதிகம் சத்தம் போடும் ஆடு என்று பெயரெடுத்திருக்கிறது. மைக் பிடித்த நடுவர் அதன் கத்தல் ஓயக் காத்திருப்பதும் உண்டு.

களத்துக்கு வருமுன் நடக்கும் வேலை தனி. கொம்புள்ள ஆட்டுக்கு அனுமதியே கிடையாது என்பதால், பிறந்த சில நாளிலேயே கொம்பு முளைக்கும் இடத்தைச் சுட்டுவிடுகிறார்கள். கண்காட்சிக்குச் சில நாள் முன்பு உடல் முழுக்க முடியை மழிப்பார்கள். எலும்பின் கோடு தெரிய வேண்டுமே. மடியில் இன்னும் நுண்ணிய கத்தி ஓடும். வால் நுனியில் மட்டும் ஒரு குஞ்சம் விடுவார்கள். குளம்பைச் சீவித் தட்டையாக்குவார்கள். வெள்ளைச் சானனை மழித்தால் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துவிடும் என்பதால் அதற்கு மெல்லிய சட்டையும் உண்டு. போட்டி நாளில் வயிறு நிறைந்து தெரிய உலர்ந்த புல்லும் ஊறவைத்த சர்க்கரைப் பீட்ரூட் சக்கையும் கொடுப்பது பழைய உத்தி. உடல் கொள்ளளவுக்கு 10 மதிப்பெண் இருக்கிறதல்லவா.

ஆட்டைப் பிடித்து வருபவர்கள் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டையில் வருகிறார்கள். ஆட்டுத் தொழுவத்தில் வேலை செய்பவர் வெள்ளையில் வருவதற்கு அசட்டுத் துணிச்சல் வேண்டும். கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கடிகாரச் சுற்றில் நடத்த வேண்டும். ஆட்டுக்கும் நடுவருக்கும் நடுவே பிடித்திருப்பவர் வரக் கூடாது. நடுவர் இடம் மாறினால் பிடித்திருப்பவரும் ஆட்டின் முகத்தைச் சுற்றி மறுபக்கம் போக வேண்டும். பையன்களும் பெண்களும் இதையெல்லாம் கற்பது 4-எச் மன்றங்களில். 1902-இல் ஓஹியோவின் கிளார்க் மாவட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த மன்றத்தின் வழி வந்தவை அவை. பிள்ளைகளுக்கு ஆட்டைக் காட்டும் திறமைக்கே தனிப் போட்டி உண்டு. அதில் ஆட்டின் உடலமைப்புக்கு மதிப்பெண் இல்லை. அது சுத்தமாகப் பராமரிக்கப்பட்டிருக்கிறதா, பிடித்தவர் அதைத் தெரிந்து வைத்திருக்கிறாரா என்பதே கேள்வி. நடுவர் திடீரென்று, “உன் ஆட்டில் எது குறை?” என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லும் பிள்ளை தோற்கும். பக்கத்துப் பிள்ளையோடு ஆட்டை மாற்றிக்கொள்ளச் சொல்வதும் வழக்கம். பழகாத ஆடு முரண்டு பிடிக்கும்போதுதான் கையின் பக்குவம் தெரியும்.

எல்லாவற்றையும்விட அருமையான பகுதி, வரிசைப்படுத்தி முடித்ததும் நடுவர் மைக்கில் காரணம் சொல்வது. தேர்வெழுதி உரிமம் பெற்றவர் அவர். ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒவ்வோர் ஆட்டையும் அடுத்ததோடு ஒப்பிட வேண்டும். முதலாவது இரண்டாவதைவிட எதில் மேல்? பின்மடி உயரத்திலா, நடுத் தாங்கலிலா, முதுகின் சமத்திலா? இரண்டாவதற்குக் கணுக்கால் பலம் கூடுதல் என்றால் அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஆனாலும் அது ஏன் போதவில்லை என்றும் சொல்ல வேண்டும். கடைசி ஆடு வரை இப்படியே. சபை நடுவே, தோற்றவர் எதிரிலேயே, காரணத்தோடு தீர்ப்புச் சொல்லும் இந்தப் பழக்கம் எத்தனையோ கலைப் போட்டிகளுக்கு வாய்க்கவில்லை. நம் ஊர்த் தொலைக்காட்சிப் பாட்டு நடுவர்களுக்கு இதை ஒரு மாதம் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

இந்தக் கண் ஒருவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு லிலியன் சாண்ட்பர்க் நல்ல உதாரணம். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கின் மனைவி, புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கனின் தங்கை. 1930-களில் மிச்சிகனில் வீட்டுப் பாலுக்காகச் சில ஆடுகளோடு ஆரம்பித்தார். அங்கே குளிர் கடுமை. ஆடுகளுக்கு இதமான தட்பவெப்பமும் நீண்ட மேய்ச்சல் பருவமும் வேண்டுமென்று 1945-இல் குடும்பத்தையே வட கரோலினாவின் ஃபிளாட் ராக்கில் உள்ள கான்னமாரா பண்ணைக்கு மாற்றினார். கவிஞர் தம் ஆயிரக்கணக்கான புத்தகங்களோடு பின்தொடர்ந்தார். டாக்கன்பர்க், நூபியன், சானன் என்று மூன்று இனங்களை வம்சக் கணக்கு எழுதி வளர்த்த அவருடைய சிக்கமிங் மந்தை கண்காட்சிப் பரிசுகளையும் கறவைச் சாதனைகளையும் குவித்தது. அவருடைய ஜெனிஃபர் என்ற டாக்கன்பர்க் ஆடு 1960-இல் ஒரே கறவைக் காலத்தில் 5,750 பவுண்டு பால் கொடுத்துத் தன் இனத்தில் உலக சாதனை படைத்தது. ஏறத்தாழ 2,600 கிலோ. கான்னமாரா இப்போது தேசிய வரலாற்றுத் தலம். அந்த வம்சத்தில் வந்த ஆடுகள் இன்றும் அங்கே மேய்கின்றன.

கண்காட்சி அழகு கறவைக்கு உத்தரவாதமா என்ற கேள்வி நெடுநாளாக உண்டு. உத்தரவாதம் இல்லை, அதனால்தான் பாலை மாதாமாதம் நிறுத்துப் பதிவு செய்யும் சோதனையும் தனியே நடக்கிறது. களத்தில் மூன்று முறை, குறைந்தது இரண்டு வெவ்வேறு நடுவர்களிடம் முதன்மை வாங்கினால் சாம்பியன் பட்டம். பெட்டையானால் அதில் ஒரு முறையாவது கறவையில் இருக்கும்போது வென்றிருக்க வேண்டும்.

நாள் முடிவில் எல்லா இனங்களின் சிறந்த ஆடுகளையும் ஒன்றாக நிறுத்தி ஒட்டுமொத்தப் பரிசு தருவார்கள். கைதட்டல் அதிகம், அர்த்தம் குறைவு. குள்ள ஆட்டையும் சானனையும் பக்கத்தில் நிறுத்தி எதை அளப்பது? ரசிகர் காத்திருக்க வேண்டியது வயது முதிர்ந்த பெட்டைகளின் வகுப்புக்கு. முதல் ஈத்தில் எந்த மடியும் அழகுதான். ஆறேழு ஈத்துக்குப் பிறகும் மடி மூட்டுக்கு மேலேயே நிற்க, முதுகு தொய்யாமல், கணு இறங்காமல் ஒரு கிழட்டு ஆடு நிதானமாக நடந்து வரும்போது, மதிப்பெண் அட்டையில் எழுதியிருப்பதெல்லாம் எதற்காக என்று அப்போதுதான் விளங்கும்.

கிடாக்களின் போட்டி பெரும்பாலும் தனியே நடக்கும். அந்த வாடைக்குப் பார்வையாளர் கூட்டமும் குறைவு. கிடாவுக்கு மடி இல்லாததால் அந்த 35 மதிப்பெண்ணை மற்ற மூன்று பிரிவுகளுக்கும் பகிர்ந்து 55, 30, 15 என்று கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் கிடாவின் உண்மையான தேர்வு பெட்டைகளின் களத்தில் நடக்கிறது. ஒரே கிடாவுக்குப் பிறந்த மூன்று மகள்களை ஒன்றாக நிறுத்தும் வகுப்பு அது. மூன்றிலும் ஒரே முதுகுக் கோடு, ஒரே இடுப்புச் சாய்வு, ஒரே மடித் தாங்கல் வந்திருக்கிறதா என்று நடுவர் பின்னாலிருந்து குனிந்து பார்க்கிறார். தகப்பன் பல மைல் தள்ளி ஏதோ ஒரு பட்டியில் நிற்கும், அல்லது எப்போதோ செத்திருக்கும். பரிசு நாடா என்னவோ அதன் பெயருக்குத்தான்.