பாட்டை விலக்கினால் படம் உயருமா?

ஒரு தமிழ்ப் படத்தைத் தரமானது என்று சொல்லிவிட இப்போது ஒரு சுலபமான வழி புழக்கத்துக்கு வந்திருக்கிறது. ‘படத்தில் பாட்டே இல்லை’ என்றால் போதும். விளம்பரத்தில் அது தகுதிச் சான்றாக இடம்பெறுகிறது. விமர்சனங்கள் முதல் பத்தியிலேயே அதைப் பாராட்டிவிட்டுத்தான் மேலே போகின்றன. ‘அந்த நாள்’ தொடங்கி ‘வீடு’ வழியாகக் ‘கூழாங்கல்’ வரை ஒரு நேர்கோடு இழுத்து, பாட்டைத் துறந்த படங்களின் வரிசையே தமிழ் மாற்று சினிமாவின் வரலாறு என்று காட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கோட்டில் வருகிற படங்கள் நல்ல படங்கள்தான். கோடுதான் பிழை. அதை ஏற்றுக்கொண்டால் 1977க்கும் 1982க்கும் இடையே தமிழில் நிகழ்ந்த மிகப் பெரிய சாதனையை ‘பாட்டு இருந்தாலும் பரவாயில்லை’ என்ற சலுகைப் பட்டியலில் தள்ளவேண்டி வரும். அந்தப் படங்களுக்கு யாருடைய சலுகையும் தேவையில்லை. பாட்டை எங்கே வைப்பது, யார் வாயில் வைப்பது, எப்போது அதைப் பொய்யாக்குவது என்று அவற்றை எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொடக்கக் கதை எல்லோரும் அறிந்ததே. 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பதளவில் பாடல்கள். நாடகக் கொட்டகை அப்படியே கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்த காலம் அது. பத்தாண்டு கழித்து ‘ஹரிதாஸ்’ ஓடியதும் தியாகராஜ பாகவதரின் குரலுக்காகத்தான். பிறகு எண்ணிக்கை குறைந்தது. ஆனால் குறைத்தது எது? காட்சிமொழியின் வளர்ச்சி என்று சொல்ல ஆசையாக இருக்கும்; வரலாறு அதற்கு இடம் தரவில்லை. ‘வேலைக்காரி’ 1949இலும் ‘பராசக்தி’ 1952இலும் வந்தபோது, பாகவதர்கள் இருந்த இடத்தில் வசனகர்த்தாக்கள் அமர்ந்தார்கள். பாட்டுப் புத்தகம் விற்ற கொட்டகை வாசலில் வசனப் புத்தகம் விற்றது. நாடக மேடையின் ஒரு கால் போய் இன்னொரு கால் வந்தது. மேடை அப்படியே இருந்தது. பாட்டு மட்டுமே சினிமாவைச் சினிமா ஆகவிடாமல் தடுத்தது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

‘அந்த நாள்’ 1954இல் வந்தது அந்த வசன யுகத்தின் உச்சியில். ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபரைப் பின்னணியாகக் கொண்டு, கொலையுண்ட ரேடியோ பொறியாளன் ஒருவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் கதை. ‘பராசக்தி’யில் குணசேகரனாக நடித்தவரைத் தேசத்துரோகியாக நடிக்கவைத்ததும், அவனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டுக் கதையை ஆரம்பித்ததும் அசாத்தியத் துணிச்சல். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழலுக்கு இருக்கிற அழுத்தம் அன்றைய தமிழில் வேறெங்கும் கிடையாது. பாட்டும் நடனமும் சண்டையும் இல்லை. வணிகரீதியாகத் தோற்றது. ஆனால் படத்தை இன்று பார்க்கும்போது, விலக்கிய பாட்டின் இடத்தைப் பெரும்பாலும் பேச்சே நிரப்பியிருப்பது தெரிகிறது. ஜாவர் சீதாராமனின் திரைக்கதை கச்சிதமானதுதான். ஆனாலும் உண்மை வெளிப்படுவது வாக்குமூலங்களின் வழியாக, காதுக்காகவே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாட்டின்மையை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பதக்கம் குத்துவது படத்தின் உண்மையான பலத்தை, அதாவது அதன் கட்டமைப்பையும் ஒளியையும், மறைத்துவிடுகிறது என்பதுதான் விஷயம். இயக்கிய எஸ். பாலசந்தர் பெரும் வீணைக் கலைஞர் என்பதையும் மறக்கக்கூடாது. இசை புரியாதவர் இசையை ஒதுக்கிய கதை இல்லை இது. இந்தக் கதைக்கு வேண்டாம் என்று இசை அறிந்த ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவை எல்லாப் படத்துக்குமான சட்டமாக அவர் அறிவிக்கவுமில்லை.

அடுத்த இருபதாண்டுகளை விரைந்து கடக்கலாம். ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று படமாக்கினார். குடிசைப் பகுதியைக் குடிசைப் பகுதியாகவே காட்டிய அந்தப் படத்தின் பிரதி இன்று பார்க்கக் கிடைக்காதது நம் பாதுகாப்பு லட்சணத்துக்குச் சாட்சி. ராஜாஜியின் கதையைச் சிங்கீதம் சீனிவாச ராவ் 1974இல் ‘திக்கற்ற பார்வதி’யாக எடுத்தார். இரண்டுக்கும் இசை வீணை சிட்டிபாபு. இங்கே ஒரு தகவல், பாட்டை விலக்குவதே இலக்கியத்தரம் என்று வாதிடுபவர்கள் கவனிப்பதற்காக: அதே ஜெயகாந்தன், பீம்சிங் இயக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்குப் பாடல்களைத் தாமே எழுதினார். பாடல் தம் நாவலைக் கெடுக்கும் என்று அவர் நினைக்கவில்லை. வேறொருவர் எழுதினால் கெடும் என்று நினைத்திருக்கலாம். அது வேறு வாதம், நியாயமான வாதமும்கூட.

இனி அந்த ஐந்தாறு ஆண்டுகள். 1978இல் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’. வின்ச் ஆபரேட்டர் காளியின் கர்வத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அவனுக்கு மனைவியாக வரும் மங்காவைப் பற்றி எவ்வளவு எழுதினோம்? சாப்பாட்டு ஆசையே உருவான அந்தப் பெண், தான் தின்ன விரும்புவதையெல்லாம் வரிசைப்படுத்தி வாணி ஜெயராமின் குரலில் பாடுகிறாள். கதை நின்றுபோகிற இடமாக அதைக் கருதுவது மேலோட்டமான பார்வை. பசி தெரிந்து வளர்ந்த ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையும் அந்தச் சில நிமிடங்களில் எந்த விளக்கமும் இல்லாமல் வந்துவிடுகிறது. வசனத்தில் சொன்னால் அனுதாபம் கேட்பதாக ஆகியிருக்கும். பாட்டில் அது வெட்கமற்ற சந்தோஷமாக வருகிறது. மறு ஆண்டு ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் கட்டிய உலகம் அது. பேச்சைக் கஞ்சத்தனமாகச் செலவிடுகிற படத்தில், நோயாளித் தாய் லட்சுமிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் இடையே ஜானகியின் குரலில் ஒரு பாட்டு. சுந்தரவடிவேலுவின் வீட்டில் அன்பு என்ற ஒன்று வாய்விட்டுப் பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான். அவள் இறந்த பிறகு அந்த வீட்டில் ஏற்படுகிற வெறுமை அந்தப் பாட்டு இல்லாமல் போனதன் வெறுமை. அதைப் படத்திலிருந்து வெட்டிப் பாருங்கள்; கடைசியில் ஆற்றங்கரையில் நிற்கும் குழந்தைகள் எதை இழந்தார்கள் என்பதே பார்வையாளனுக்குத் தெரியாமல் போய்விடும்.

ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1978 தீபாவளிக்குக் கறுப்பு வெள்ளையில் வந்த இந்தப் படத்தில் மஞ்சு தன் கடந்தகாலத்தை அருணிடம் சொல்கிறாள். அதில் மனோ வருகிறான். காயப்பட்டவளுக்கு ஆறுதலாக ஜேசுதாஸின் குரலில் இளையராஜாவின் மிக மென்மையான மெட்டுகளில் ஒன்று ஒலிக்கிறது. பார்க்கிற நாமும் அதில் கரைகிறோம். பிறகு அந்த மனோதான், பெரியவர்கள் முன்னிலையில், அவளைத் தங்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறான். அந்தக் கணத்தில் பாட்டு பின்னோக்கிப் பொய்யாகிறது. மஞ்சு ஏமாந்த அதே இனிமையில் நாமும் ஏமாந்திருக்கிறோம் என்று உணரும்போது, அவள் ஏன் இனி எந்த மென்மையையும் நம்ப மறுக்கிறாள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திரைப்பாடலின் வசியத்தையே குற்றத்தின் சாட்சியமாக நிறுத்திய இப்படியொரு காரியத்தைப் பாட்டில்லாத படம் செய்யவே முடியாது. வணிகப் படமான ‘ஜானி’யில்கூட மகேந்திரன், பாடகி அர்ச்சனா கொட்டும் மழையில் பாடுவதையே கதையின் முடிச்சாக்கினார். ஜானி வருவானா என்ற கேள்வி முழுவதையும் தாங்குவது அந்தக் கச்சேரிதான்.

இது ஓரிரு இயக்குநர்களின் தனித்திறமை என்று ஒதுக்கவும் முடியாது. கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து கே. பாலசந்தர் 1981இல் எடுத்த ‘தண்ணீர் தண்ணீர்’, வறண்ட அத்திப்பட்டியின் அரசியல் கோபத்துக்கு நடுவே ஒரு தாலாட்டை வைக்கிறது. கோபத்தில் சத்தம் போடும் பழக்கம் உள்ள இயக்குநர், அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார். படம் அங்கேதான் ஆழம் கொள்கிறது. ஹரிஹரனின் ‘ஏழாவது மனிதன்’ பாரதி நூற்றாண்டான 1982இல், பாரதி பாடல்களை மட்டுமே கொண்டு, எல். வைத்தியநாதனின் இசையில் வந்தது. ஆலை நச்சாக்கும் கிராமத்தின் கதையில் பாரதியின் வரி ஆராதனைப் பொருளாக நிற்காமல் வாதத்தில் கட்சிக்காரராக நிற்கிறது. ரகுவரனின் முதல் படம் என்ற துணுக்காக மட்டுமே இன்று அதை நினைவு வைத்திருப்பது நம் விமர்சன மரபின் சோம்பேறித்தனம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு: இவற்றில் பெரும்பாலானவை இளையராஜாவின் மேதைமை, இயக்குநர்களுக்கு என்ன பங்கு? அப்படியானால் அதே ஆண்டுகளில் அதே இசையமைப்பாளர் அதே தரத்தில் மெட்டமைத்துக் கொடுத்த எத்தனையோ படங்களில் பாட்டு மட்டும் மிஞ்சிப் படம் மறைந்துபோனது ஏன்? மெட்டு ஒரே கையிலிருந்துதான் வந்தது. அதற்கு இடம் கொடுக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். இரண்டாவது மறுப்பு: விநியோகஸ்தர் கேட்கிறார், கேசட் கம்பெனி கேட்கிறது என்று திணிக்கப்படுவதுதானே பாட்டு? பெரும்பாலும் உண்மை. வெளிநாட்டு மலைச்சரிவில் ஆடை மாற்றி ஆடுகிற டூயட்டுகளுக்காக யாரும் வாதாட வேண்டாம். ஆனால் நட்சத்திரமும் திணிக்கப்படுவதுதான். சண்டையும் நகைச்சுவைத் தனித்தடமும் திணிக்கப்பட்டவைதான். திணிப்பை எதிர்ப்பதற்கும் வடிவத்தையே எதிர்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. மூன்றாவது, பாட்டு யதார்த்தத்தைக் குலைக்கும் என்பது. ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாகா தாரா’வில் நீதாவும் அண்ணன் சங்கரும் பாடுகிற தாகூர் பாடலின் முடிவில் சாட்டையடி ஓசை விழுகிறது, இந்திய சினிமாவில் யதார்த்தம் அதைவிட உக்கிரமாக எங்கே வந்திருக்கிறது? ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆப்ரகாம் பூனாவில் கட்டக்கின் மாணவர். மாற்று சினிமா என்றாலே பாட்டை விலக்குவது என்ற பாடம் அந்தப் பள்ளியில் நடத்தப்படவில்லை.

‘வீடு’ மறுதரப்பின் மிகச் சிறந்த சாட்சி. எனவே அதையும் சந்திக்க வேண்டும். 1988இல் வந்த பாலு மகேந்திராவின் அந்தப் படத்தில் பாட்டு இல்லை. நடிகை அர்ச்சனாவின் முகமும் சொக்கலிங்க பாகவதரின் தளர்ந்த நடையும் பாதி எழும்பி நிற்கும் சுவர்களும் போதும். ஆனால் இசை இல்லாமல் இல்லை. இளையராஜா 1986இல் தனித்தொகுப்பாக வெளியிட்டிருந்த ‘ஹவ் டு நேம் இட்’ தான் அதன் பின்னணி இசை. வேறொரு நோக்கத்துக்காகப் பிறந்த, தன்னளவில் நிறைவான இசை, இந்தப் படத்தில் சில இடங்களில் காட்சிக்குத் துணையாகவும் சில இடங்களில் காட்சியைவிட உரத்தும் ஒலிக்கிறது. பாட்டைத் துறந்தது சரியான முடிவு. அந்தத் துறவே எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல ‘வீடு’ இடம் தரவில்லை.

அண்மைக்காலத்துக்கு வந்தால் நிலைமை வேடிக்கையாகிறது. ‘விசாரணை’யில் பாட்டு இல்லாதது கதையின் கட்டளை; அந்தக் காவல் நிலையத்தில் பாட்டுக்கு மூச்சுவிட இடமில்லை. 2021இல் ராட்டர்டாமில் புலி விருது பெற்ற வினோத்ராஜின் ‘கூழாங்கல்’, வெயிலையும் காலடியையும் மட்டுமே நம்பி நடக்கிறது. மெலிந்த, கர்வமில்லாத படம். ஆனால் பாட்டில்லாத வணிகப் படம் என்று கொண்டாடப்பட்ட ‘கைதி’ என்ன செய்தது? தனக்குப் பாட்டு இல்லை என்று பெருமை பேசிக்கொண்டே, கைதட்டல் வேண்டிய இடங்களில் முந்தைய படங்களின் பாட்டுகளை இரவல் வாங்கிப் போட்டது. அவற்றில் ஒன்று பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’ படத்துக்கானது. பாட்டில் பிறக்கும் உணர்ச்சியை உழைத்து உருவாக்காமல், நம் நினைவிலிருந்தே எடுத்து நமக்கே விற்கும் இந்த வழக்கம் இப்போது பரவிவிட்டது. இதைத் துறவு என்று அழைப்பது பெருந்தன்மை.

அதே வினோத்ராஜ் 2024இல் எடுத்த ‘கொட்டுக்காளி’ இந்த விவாதத்தை முடித்துவைக்கத் தக்கது. பின்னணி இசையே இல்லாத படம். வாய் திறக்க மறுக்கும் மீனாவைப் பேயோட்ட அழைத்துப் போகிறார்கள். வழியில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு. அவள் உதடுகள் அதை முணுமுணுக்கின்றன. அதைப் பார்த்துவிட்ட பாண்டி வெறிபிடித்து அடிக்கத் தொடங்குகிறான். தடுக்க வந்தவர்களுக்கும் அடி. மொத்தக் குடும்பமும் அடக்க முயன்ற விருப்பம், ஊர்வழியில் கேட்ட ஒரு திரைப்பாட்டின் வழியாக வெளியே வந்துவிடுகிறது. இசையை முழுதாகத் துறந்த படத்தின் மிக வலுவான காட்சி ஒரு பாட்டால் நிகழ்கிறது. பாட்டு தமிழ் வாழ்க்கைக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த அலங்காரம் இல்லை, நம் மனிதர்கள் ஆசைப்படும் விதத்திலேயே அது கலந்திருக்கிறது என்பது இந்த இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. அவரைப் புகழ்கிற விமர்சகர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே ஒரு படத்தில் பாட்டு இருக்கிறதா இல்லையா என்பது விமர்சனக் கேள்வியே ஆகாது. அந்தப் பாட்டு யாருடையது, அது போனால் படத்திலிருந்து என்ன போகும் என்பவையே கேள்விகள். இவற்றுக்குப் பதில் வைத்திருந்த இயக்குநர்கள் ஒரு ஐந்தாறு ஆண்டு தமிழில் சேர்ந்து இயங்கினார்கள். இன்று புதிதாக வருகிறவர்கள் பாட்டை விட்டுவிட விரும்பினால் விடட்டும். பிடிவாதமாகக் கையில் வைத்திருக்க விரும்புகிறவர்கள் முதலில் ‘உதிரிப்பூக்க’ளையும் ‘அவள் அப்படித்தா’னையும் பாட்டைத் தாண்டி ஓட்டாமல் ஒரு தடவை முழுதாகப் பார்க்கட்டும்.